பெரிய வட்டம், சின்ன வட்டம்

ஷா ஆலத்துக்கு முதன்முறையாகக் கார் ஓட்டி வரும் உறவினர்கள் ஏறக்குறைய ஒரே புகாரோடுதான் வீடு வந்து சேருவார்கள். "இந்தப் புலாத்தானையே மூன்று தடவை சுற்றிவிட்டோம் மாமா, எந்தப் பக்கம் வெளியே போவதென்றே தெரியவில்லை." கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி போடுகிறவர்கள் ரவுண்டபோட்டுகளை எண்ணி எண்ணித்தான் போட்டார்கள். இப்போது வேஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்குரல் "மூன்றாவது பாதையில் திரும்பவும்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாம் நான்காவதைக் கடந்திருப்போம்.

சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையுமாகக் கிடந்த நிலம் இது. 1978-இல் சிலாங்கூரின் தலைநகரமானது. நிலம் தாராளமாக இருந்தது, கார்கள் குறைவு. சந்திக்குச் சந்தி ஒரு வட்டம் போட்டு, நடுவே புல்லும் மரமும் வைத்தார்கள். பார்க்கவும் அழகு, விளக்குக்குக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. 2000-இல் மாநகரமானபோது கார்கள் பெருகிவிட்டன. இன்று காலை ஏழு மணிக்கு எந்த வட்டத்தின் வாயிலிலும் போய் நின்று பாருங்கள், கதை வேறு.

எங்கள் தாமான் முகப்பிலும் அப்படி ஒரு வட்டம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று குடியிருப்பாளர் சங்கத்தில் அண்மையில் பேச்சு எழுந்தது. வட்டத்தை எடுத்துவிட்டுச் சமிக்ஞை விளக்கு போடச் சொன்னவர்கள் அதிகம். மேம்பாலம் கேட்டவர்கள் சிலர். "இருப்பது இருக்கட்டும், நோண்டினால் இரண்டு வருஷம் சாலையை அடைத்துவிடுவான்" என்றவர்கள் மிச்சம். "வட்டம் இருக்கட்டும், ஆனால் அதைச் சின்னதாக்கச் சொல்லலாம்" என்றேன் நான். "கார் கூடிப்போச்சு என்கிறோம், இவர் சின்னதாக்கச் சொல்கிறாரே" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். அங்கே முடிக்க முடியாததை இங்கே முடிக்கிறேன். இங்கே குறுக்கே பேச ஆளில்லை.

நியூயார்க்கிலும் பாரிஸிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போக்குவரத்து வட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் உள்ளே நுழையும் வண்டிக்கே முன்னுரிமை என்பது அந்தக் காலத்து வழக்கம். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவன் நின்று வழிவிட வேண்டும். நுழைபவர்கள் கூடக் கூட, வெளியேற வேண்டியவன் நடுவில் மாட்டிக்கொள்வான், வட்டம் தாழ் போட்டதுபோல் இறுகிவிடும். பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றும் வட்டத்தில் இன்றும் இந்தப் பழைய முறைதான். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஓட்டுவதற்கல்ல.

1966-இல் பிரிட்டன் இதைத் தலைகீழாக மாற்றியது. உள்ளே இருப்பவனுக்கு முன்னுரிமை, நுழைபவன் காத்திருக்க வேண்டும். லைசென்ஸ் வகுப்பில் நமக்கும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள்: வலப்பக்கம் பார், வழிவிடு. இந்த ஒரே விதிதான் வட்டத்தைப் பிழைக்க வைத்தது. அதன்பிறகு ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இன்னொன்றைக் கண்டார். நடுத்திட்டைச் சுருக்கிப் பார்த்தபோது, அதே சந்தியில் முன்பைவிடக் கூடுதலான வண்டிகள் கடந்தன. 1972-இல் சுவிண்டன் நகரில் ஒரே சந்திக்குள் ஐந்து குட்டி வட்டங்களை வளையமாக அடுக்கினார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

சின்ன வட்டத்தில் எப்படி அதிக வண்டி போகும்? வேகம்தான் காரணம். உள்ளே வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால், நான்கைந்து விநாடி இடைவெளி கிடைத்தாலே வெளியே நிற்பவர் துணிந்து நுழைந்துவிடலாம். அதே வண்டிகள் 60-இல் வந்தால் அந்த இடைவெளி போதாது. பயந்தவர் நின்றுகொண்டே இருப்பார், பின்னால் ஹாரன் கிளம்பும். நம் ஊர் வட்டங்கள் பல, இரண்டு மூன்று தடங்களோடு, பிரேக்கைத் தொடாமலே நுழையும்படி அகலமாக வாய் திறந்து கிடக்கின்றன. புத்ராஜெயாவில் மெலாவத்தி அரண்மனையைச் சுற்றி ஓடும் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர். உலகிலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போனபிறகு அதை வட்டம் என்பதைவிட, வளைந்து போகும் ஒருவழிச் சாலை என்பதே பொருத்தம்.

பாதுகாப்பும் இப்படித்தான். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்தியில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒற்றைத்தட வட்டத்தில் அவை 8 மட்டுமே. நேருக்கு நேர் மோதலுக்கும் பக்கவாட்டில் குத்துவதற்கும் இடம் அநேகமாக இல்லை. அமெரிக்காவில் விளக்குச் சந்திகளையும் 'நில்' பலகைச் சந்திகளையும் வட்டமாக்கியதில், காயம் விளைவிக்கும் விபத்துகள் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஆய்வு உண்டு. இண்டியானா மாநிலத்தில் கார்மெல் என்று ஒரு நகரம், வேகமாக வளர்ந்த ஊர். அதன் மேயராக இருந்த ஜேம்ஸ் பிரெய்னார்ட், இங்கிலாந்தில் படித்தபோது பார்த்ததை நினைவில் வைத்திருந்து, விளக்குகளை எடுத்துவிட்டு வட்டங்களாகப் போட்டுத் தள்ளினார். 150-க்கும் மேல் இருக்கின்றன. நாமோ இருப்பதைப் பிடுங்கலாமா என்று கூட்டம் போடுகிறோம்.

ஆனால் இந்த நல்ல கணக்கெல்லாம் மெதுவான வட்டத்துக்குத்தான். பல தடம் கொண்ட வேக வட்டத்தில் முதலில் அடிபடுபவர் மோட்டார் சைக்கிளோட்டி. அவர் இடது ஓரமாகவே சுற்றி வருவார். உள்தடத்தில் வந்த கார், தன் பாதை வந்துவிட்டதென்று சட்டென அவருக்குக் குறுக்கே வெட்டி வெளியேறும். நம் நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வேலைக்கும் டெலிவரிக்கும் போகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த இடது ஓரத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவர் நடந்து போகிறவர். எங்கள் தாமானில் ஒரு பாட்டி, தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். அரசு கிளினிக் வட்டத்தின் எதிர்ப்பக்கம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும். ஆனால் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் பேத்தியிடம் சொல்லி கிராப் வரவழைத்துப் போகிறார். சாலையைக் கடப்பதற்கு ஐந்து வெள்ளி, திரும்பி வர இன்னொரு ஐந்து. வட்டத்தின் எந்த வாயிலிலும் வெள்ளைக்கோடு இல்லை, நடுவில் நிற்க ஒரு திட்டும் இல்லை. நடுத்திட்டில் மட்டும் பூச்செடிக்குக் குறைவில்லை, தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

விளக்கு வந்தால் அவருக்குப் பச்சை மனிதன் கிடைப்பான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு தட அகலத்தை, முட்டி வலியோடு, எண் குறைந்துகொண்டே வரும்போது அவர் கடக்க வேண்டும். சிவப்பு விழுமுன் தப்பிக்க ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களை நமக்குத் தெரியாதா? பிற்பகல் இடிமழையில் விளக்கு செத்துப் போனால் சந்தி என்ன பாடுபடும் என்பதும் தெரியும். சின்ன வட்டத்தில் வாயிலுக்கு ஒரு கார் நீளம் முன்னதாகச் சற்று உயர்த்திய வெள்ளைக்கோடு போடுவார்கள். ஒரு தடத்தைக் கடந்து, நடுத்திட்டில் நின்று மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த தடம். வருகிற காரும் 30-க்குள் வரும்.

வட்டம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒற்றைத்தட வட்டம் ஒரு நாளைக்கு 25,000 வண்டிகள் வரை தாங்கும், அதற்கு மேல் திணறும். ஒரே திசையிலிருந்து காலையில் ஓயாமல் வண்டி வந்தால், அடுத்த வாயிலில் நிற்பவருக்கு இடைவெளியே கிடைக்காது. பெட்டாலிங் ஜெயாவில் ரோத்மன்ஸ் வட்டம் என்று சொல்லிப் பழகிய இடத்தில் இன்று விளக்குகள்தான். சிங்கப்பூரின் நியூட்டன் சர்க்கஸ் வட்டமாகவே இருந்தாலும் விளக்குக் கட்டுப்பாட்டில்தான் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: நெரிசல் நேரத்தில் மட்டும் எரியும் விளக்கு, அதுவும் கூட்டம் வருகிற அந்த ஒரு வாயிலில் மட்டும். மற்ற நேரம் வட்டம் தன் பாட்டுக்கு ஓடும். எங்கள் முகப்புக்கு இது போதும் என்பது என் எண்ணம். ஓரக்கல்லும் தார்ச்சாயமும் வாங்கும் செலவு மேம்பாலத்தின் ஒரு தூணுக்குக்கூட வராது.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்று கேட்பீர்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றங்கள் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலமாக யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெரிய வரைபடங்களாக மாட்டியிருப்பார்கள், குளிர்சாதன வசதியும் உண்டு. நான் போயிருந்த நாள்களில் அங்கே வீட்டு மேம்பாட்டு நிறுவனத்தார் நிறையப் பேர் இருந்தார்கள், வேட்டியையோ சேலையையோ ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அடுத்த வரைவு வரும்போது உங்கள் சந்தியை அந்தப் படத்தில் தேடுங்கள். அதில் யார் எந்த இடத்தில் நடந்து கடக்கிறார்கள் என்று ஒரு பேனாவால் குறித்துக்கொண்டு போங்கள். பாட்டிக்காக நான் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன்.