பாட்டில் நிப்பிள்: அட்டையில் போட்டிருக்கும் மாதக் கணக்கை நம்பலாமா?

பீடிங் பாட்டில் வாங்குவது பெரிய வேலை இல்லை. கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எத்தனை மில்லி என்று பார்த்தால் முடிந்தது. தலை சுற்றுவது நிப்பிளைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். ஒரு கம்பெனி எஸ், எம், எல் என்று போடுகிறது. இன்னொன்று 1, 2, 3 என்கிறது. வேறொன்று 0+, 3+, 6+ என்று மாதக் கணக்கு சொல்கிறது. 'குழந்தைக்கு அஞ்சு மாசமா? அப்ப 3+ எடுத்துக்கோங்க' என்று கடைக்காரரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நிப்பிள் என்பது சட்டை அளவு இல்லை. வயது கூடக்கூட அளவும் கூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது?

நிப்பிள் பெரியதா சிறியதா என்பதை அல்ல, பால் எவ்வளவு வேகமாக வரும் என்பதையே அந்த எண் சொல்கிறது. எண் கூடினால் நுனியில் இருக்கும் ஓட்டை பெரிதாகும், அல்லது ஓட்டைகள் அதிகமாகும். சிக்கல் என்னவென்றால், இந்த வேகத்துக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஸ்லோ' இன்னொரு கம்பெனியின் 'மீடியம்' அளவுக்கு வேகமாக இருக்கலாம். அமெரிக்காவில் ஆய்வகத்தில் வைத்து அளந்து பார்த்தபோது, 'ஸ்லோ', 'நியூபார்ன்' என்று விற்கப்படும் நிப்பிள்களுக்குள்ளேயே பால் வரும் வேகத்தில் பல மடங்கு வித்தியாசம் இருந்தது. ஆகவே கம்பெனியை மாற்றும்போது பழைய எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது.

ஐந்து மாதத்தில் முதல் பாட்டில்

சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பல அம்மாக்கள் திரும்பவும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகியிருக்கும். அதுவரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தை அப்போதுதான் முதல் முறையாகப் பாட்டிலைப் பார்க்கும்.

அட்டையில் இருக்கும் மாதக் கணக்கோ, பிறந்ததிலிருந்து பாட்டிலில் குடித்துப் பழகிய குழந்தையை மனதில் வைத்துப் போடப்பட்டது. தாயிடம் குடிக்கும்போது வேகம் பெரும்பாலும் குழந்தையின் கையில் இருக்கிறது. உறிஞ்சினால் பால் வரும், நிறுத்தினால் குறையும், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பெரிய ஓட்டை உள்ள நிப்பிளில் உறிஞ்சாவிட்டாலும் பால் கொட்டும். குழந்தைக்குப் புரையேறும். வயிறு நிறைந்ததை உணர்வதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். சில குழந்தைகள் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டு, மாலையில் அம்மாவிடம் குடிக்கும்போது பொறுமை இழந்து அழும்.

அதனால் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தாலும், பாட்டிலுக்குப் புதிது என்றால் மெதுவான நிப்பிளில்தான் தொடங்க வேண்டும். தாய்ப்பாலும் பாட்டிலும் சேர்த்துக் குடிக்கும் பல குழந்தைகளுக்குக் கடைசி வரை அதே நிப்பிள் போதும்.

குழந்தை என்ன சொல்கிறது?

பால் வேகமாக வருகிறது என்றால் குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும், இருமும், கண்ணை அகல விரிக்கும், விரல்களை விறைத்து நீட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைவாயில் பால் வழியும். இப்படி இருந்தால் ஒரு எண் குறைவான நிப்பிளுக்கு மாற வேண்டும்.

பால் போதிய வேகத்தில் வராவிட்டால் நிப்பிள் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், குழந்தை எரிச்சலில் நிப்பிளைக் கடித்து இழுக்கும், பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடும். உடனே நிப்பிளை மாற்றிவிட வேண்டாம். மூடியை ரொம்ப இறுக்கியிருந்தால் காற்று உள்ளே போகாமலும் இப்படி ஆகும். பவுடர் கட்டி ஓட்டையை அடைத்திருக்கலாம். இரண்டையும் சரிபார்த்த பிறகும் சில நாள் இதே கதை என்றால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

எந்த நிப்பிள் போட்டாலும் புரையேறுகிறது, குடிக்கும்போது வியர்க்கிறது, உதடு நீலமாகிறது, எடை ஏறவில்லை என்றால் அது நிப்பிள் பிரச்சினை இல்லை. தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், அண்ணப்பிளவு உள்ள குழந்தைக்கும் எந்த நிப்பிள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசியைக் காய்ச்ச வேண்டாம்

'பால் சரியா வரல, ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கு' என்று ஊசியைச் சூடாக்கிக் குத்துவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. அந்த ஓட்டை எவ்வளவு பெரிதாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குத்திய இடத்திலிருந்து நிப்பிள் கிழிந்து, ஒரு துண்டு குழந்தையின் தொண்டைக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. வேகம் வேண்டுமென்றால் அடுத்த எண் நிப்பிளை வாங்குவதே பாதுகாப்பு. பாலில் கஞ்சி மாவைக் கலந்து பெரிய ஓட்டை வழியாகக் கொடுப்பதும் இதே ஆபத்துதான்.

ரப்பரா, சிலிகோனா?

லேடெக்ஸ் ரப்பர் மஞ்சளாக, மென்மையாக இருக்கும். ஆனால் சூட்டிலும் வெயிலிலும் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையும் வரலாம். சிலிகோன் நிறமற்றது, கொதிநீரைத் தாங்கும், ஓட்டையில் ஒட்டிய அழுக்கும் கண்ணுக்குத் தெரியும். பல் முளைத்த குழந்தை கடித்தால் மட்டும் கிழியும். தினமும் கொதிக்க வைக்கும் நம் வீடுகளுக்குச் சிலிகோன் வசதி.

எதுவானாலும் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைத் திருப்பிக் கழுவி, கொதிக்கும் நீரில் குறைந்தது 5 நிமிடம் போட வேண்டும். கொடுக்கும் முன் நிப்பிளை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். விரிசல், பிசுபிசுப்பு, வீக்கம், நிறமாற்றம் இதில் எது தெரிந்தாலும் குப்பைக்குத்தான். ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

'அம்மாவைப் போலவே' என்ற வாசகம்

குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள், பீடிங் பாட்டில்களுக்கான சட்டம் இந்தியாவில் 1992-ல் வந்தது, 2003-ல் கடுமையாக்கப்பட்டது. அதன்படி பீடிங் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. பாட்டில் என்ற சொல்லுக்குள் நிப்பிளும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. இருந்தும் 'தாயின் மார்பைப் போலவே' என்ற வாசகங்கள் ஆன்லைன் விற்பனைப் பக்கங்களில் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. விலை கூடுதலான நிப்பிளால் தாய்க்கு ஈடாக முடியாது. அந்த வாசகத்துக்குக் காசு கொடுக்காமல், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பாட்டிலையும் அதற்குப் பொருந்தும் மெதுவான நிப்பிளையும் வாங்கினால் போதும்.

பாட்டிலே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. நம் பாட்டிகள் பயன்படுத்திய பாலாடையைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கழுவுவது எளிது, ஓட்டை என்ற பேச்சே இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு டம்ளரைப் பழக்கலாம். ஒரு வயதைத் தாண்டியதும் பாட்டிலை மெல்ல நிறுத்திவிட்டால் பற்களுக்கும் நல்லது.

பாட்டில்தான் என்றால், குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டும். 'இன்னும் குடிச்சு முடிக்கலையா?' என்ற கேள்விதான் பெரும்பாலான வீடுகளில் அடுத்த எண் நிப்பிளை வாங்க வைக்கிறது. அவசரம் பெரியவர்களுக்கு. ஒரு வேளைப் பாலுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் குழந்தை தாமதிக்கவில்லை, ஒழுங்காகத்தான் குடிக்கிறது.