எந்தக் கொடியின் கீழ்?

கற்பனை உலகில் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்து ஆடும் விளையாட்டுக்கள் இன்று நம் இளையோரின் கைபேசிகளிலும் கணினிகளிலும் இடம்பிடித்துள்ளன. இவற்றுக்கு முன்னோடியான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தம் பாத்திரம் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுநிலையா என்பதை அதில் ஆடுவோர் தெரிவுசெய்வர். பின்னர் நன்மை, தீமை என்பனவும் சேர, தெரிவுகள் ஒன்பதாயின.

தீயவனாக நடிப்பதும் பாவமோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். குருநகர், பாஷையூர், நாவாந்துறை முதலிய ஊர்களில் கூத்தாடிய நம் முன்னோர் இதற்கு விடை பகர்வர். மூவிராசாக்கள் கதைக்கு ஏரோது வேண்டும். நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சிக்கு யூதாசும் வேண்டும். ஆயினும் அங்கே தீமைக்கு முடிவு உண்டு. பார்ப்போர் அதனை வெறுத்தே வீடு திரும்புவர். கொடுமைக்கு வெகுமதி தரும் விளையாட்டாயின், பெற்றோர் அருகிருந்து பேச வேண்டியது அவசியம்.

இதனினும் ஆபத்தானது நடுநிலை என்னும் தெரிவு. இயேசு குற்றமற்றவர் என அறிந்திருந்தும் பிலாத்து கைகளைக் கழுவினான். அந்தத் தண்ணீர் அவனைத் தூய்மையாக்கவில்லை. சாதியின் பெயரால் ஒருவர் ஒதுக்கப்படும்போதும், சீதனத்தின் பொருட்டு ஒரு பெண் கண்ணீர் வடிக்கும்போதும், ‘எமக்கேன் வம்பு’ என விலகி நிற்கும் நாமும் ஒரு பக்கத்தைத் தெரிந்துகொண்டவர்களே.

புனித இஞ்ஞாசியார் இளமையில் வீரக்கதைகளில் மயங்கிய போர்வீரர். 1521இல் பம்பலோனாவில் காயமுற்றுப் படுத்திருந்தபோது, கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்தார். உலகப் புகழைப் பற்றிய கனவுகள் இறுதியில் வெறுமையையும், இறைவனைப் பற்றியவை நிலையான மகிழ்வையும் தருவதை உணர்ந்தார். பின்னாளில் அவர் தந்த ஆன்மீகப் பயிற்சிகளில், கிறிஸ்துவின் கொடி, பகைவனின் கொடி என இரு கொடிகளைக் கற்பனையில் கண்டு தியானிக்கச் சொல்கிறார். கற்பனையும் இறைவனின் கொடையே. அது எங்கே அழைத்துச் செல்கிறது என்பதே கேள்வி.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன், அவர்கள் எந்தப் பாத்திரத்தைத் தெரிந்தனர், ஏன் தெரிந்தனர் எனக் கேளுங்கள். பின்னர் உங்கள் தெரிவுகளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். திருமுழுக்கில் நாம் தீமையை விட்டுவிட்டுக் கிறிஸ்துவைத் தெரிந்துகொண்டோம். பாஸ்காத் திருவிழிப்பில் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கின்றோம். விளையாட்டில் தெரிந்த பாத்திரத்தை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். வாழ்வில் செய்ததை அழிக்க இயலாது. ஆனால் மனந்திரும்ப இயலும். அதற்கான அருளை இறைவன் நம் இல்லங்களுக்கு ஈவாராக.