கிளிக்கு இரண்டரை லட்சம், கோழிக்கு ஐம்பது ரூபாய்

2023-இல் சென்னையில் ஒரு நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு கிளிகளை வனத்துறை மீட்டது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய். சரியான நடவடிக்கைதான். நம் நாட்டுக் கிளிகள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. மரப்பொந்திலிருந்து குஞ்சாகவே எடுத்துவந்து, இறகைக் கத்தரித்து, கூட்டமாக வாழும் பறவையைத் தனியாகக் கம்பிக்குள் அடைத்துவிட்டு அதைப் பாசம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கறிக்கோழியை வதைத்தால் என்ன தண்டனை? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், வலிக்கும்படி தூக்கிச் செல்வதும் அந்தச் சட்டத்தில் குற்றங்கள். உணவுக்காகக் கொல்ல அனுமதிக்கும் அதே சட்டம், தேவையற்ற வதையை அனுமதிக்கவில்லை.

பல்லடம், உடுமலைப் பக்கம் 35 நாள் தாண்டிய கறிக்கோழிகள் இருக்கும் ஒரு கொட்டகையில் நின்று பாருங்கள். வெள்ளை முதுகுகளுக்கு நடுவே தரையே தெரியாது. ஒரு கோழிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சதுர அடி. கீழே பரப்பிய தேங்காய் மஞ்சி எச்சத்தில் ஊறிக் கண்ணைக் கரிக்கும். தீவனத்தை நோக்கி நாலு எட்டு வைத்த கோழி நெஞ்சுப் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். நெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருக்கும்.

ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அது தவறு. இந்த வளர்ச்சி வேகம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தில் வந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம், புதியது 4,202 கிராம். காலும் இதயமும் அந்த எடைக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. ஊசி இருந்தால் நிறுத்திவிடலாம். உடம்புக்குள்ளேயே எழுதப்பட்ட வேதனையை எப்படி நிறுத்துவது?

பிறகு பிடிப்பு. ராத்திரியில் ஆட்கள் வந்து கைக்கு நாலைந்தாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, பிளாஸ்டிக் பெட்டிகளில் திணிப்பார்கள். கடைக்குப் போகும் மொபெட்டின் இருபுறமும் காலைக் கட்டித் தொங்கும் கோழிகளின் தலை சக்கரத்தை ஒட்டி ஆடுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

இதற்காகப் பண்ணைக்காரரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. கொட்டகை, கரண்டு, உழைப்பு மட்டுமே அவருடையவை. வளர்ப்புக் கூலி கிலோ கணக்கில் வருகிறது. அவர் மனமிரங்கிக் குஞ்சுகளைக் குறைத்து இறக்கினால் கூலியும் குறையும். கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் பலமுறை போராடியும்விட்டார்கள். எந்த ரகம், எத்தனை குஞ்சு, எந்த நாளில் பிடிப்பு என்று தீர்மானிப்பது நிறுவனம். பொறுப்பும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

சட்ட ஆணையம் 2017-இல் தந்த 269-ஆவது அறிக்கையில் கறிக்கோழி வளர்ப்புக்கான வரைவு விதிகள் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இடம், மஞ்சியின் தரம், தூக்கிச் செல்லும் முறை ஆகியவற்றை வளர்ப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கோழி குறைவதால் பண்ணைக்காரருக்கு ஏற்படும் இழப்பைக் கூலியில் ஈடுகட்ட வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கூடினால் அதைத் தருவது வாங்கும் நம் கடமை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் விவசாயிகளையும் நிறுவனங்களையும் உட்காரவைத்து இதைப் பேசக் கால்நடைத் துறை முன்வர வேண்டும்.