சாரலும் ஷாக் அப்சர்பரும்

சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தானே! இவர் வண்டியை எடுத்தால் பின்னால் நான், நடுவில் மூன்று வயது மகள், மடியில் துணிப்பை என்று கிளம்பிவிடுவோம்.

போன சீசனில் ஐந்தருவிப் பக்கம் ஒரு வளைவு. வண்டி சாய்ந்ததும் 'கர்ர்ர்' என்று கீழே ஏதோ உரசி, பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளியது. ஈர ரோடு வேறு. மகளைக் கட்டிப் பிடித்தவள், வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை. "ஸ்டாண்டு லேசா உரசுது, அவ்வளவுதான்" என்றார் இவர். அவ்வளவுதானாம்!

மறுநாள் மெக்கானிக்கிடம் நானும் கூடவே போனேன். அந்தத் தம்பி பின்சீட்டை ஓங்கி அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். வண்டி தொட்டில் மாதிரி மூன்று தடவை ஆடியது.

"பாத்தியளாக்கா? ஒரு தடவை எந்திரிச்சு அப்படியே நிக்கணும். ஒரு ஷாக்குல ஆயில் பூரா ஒழுகிட்டு" என்றான். தண்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும். ஆறு மாதமாக என் இடுப்பு ஏன் பிடித்துக்கொண்டது என்று அப்போதுதான் புரிந்தது. நானோ தைலத்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன்!

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். உள்ளே உள்ள எண்ணெய் சின்னத் துளை வழியே போய்வந்து அதன் ஆட்டத்தை அடக்கும். எண்ணெய் போனால் குலுக்கல். ஸ்பிரிங்கும் தளர்ந்தால் பின்பக்கம் அமுங்கி, ஸ்டாண்டு ரோட்டுக்கு நெருங்கிவிடும். வளைவில் அது ஊன்றினால் பின் டயரையே தூக்கிவிடுமாம். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நல்ல உசரமா ஒரு ஜோடி போட்டுடு" என்றார் இவர். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப உயர்த்தினால் ஹேண்டில் சட்டென்று திரும்பும், பெரிய ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பாது, சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். அதே உயரத்தில், கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கோடு வாங்கினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று என் சிக்கன புத்தி கேட்டது. கூடாதாம், இரண்டும் ஒன்றுபோல இல்லாவிட்டால் வளைவில் வண்டி நெளியும்.

ஷாக்கில் படிப்படியாக ஒரு வளையம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை! இவர் தனியே போனால் கீழ்ப்படி, நாங்களும் ஏறினால் மேல்படி என்று திருப்பிவைக்க வேண்டும். மாமனார் உடனே, 1950-களில் திருவொற்றியூரில் புல்லட் வரத் தொடங்கிய கதையையும், அதற்கு முன்பு சீட்டுக்கடியில் மட்டும் ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் முதுகு ஒடிந்த கதையையும் ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று, இளம் தாய்மார்களே. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. எனக்கு இது தெரியாமலே ஒரு சீசன் போயிருக்கிறது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கியாயிற்று. நேற்று அதே வளைவில் போனோம், சத்தம் இல்லை. மாதம் ஒருமுறை பின்சீட்டை அமுக்கிப் பார்ப்பது இப்போது என் வேலை.