பாலை மரத்தின் கீழே கன்று நிற்கிறதா?



வைகாசி தொடங்கி ஆடி வரை ஏ-9 வீதியால் வன்னியைக் கடந்து போகிறவர்கள், வீதியோரத்தில் மஞ்சள் மஞ்சளாகக் குவித்து வைத்திருக்கும் பாலைப்பழங்களைக் கண்டிருப்பீர்கள். சாப்பிட்டால் உதட்டில் பால் ஒட்டும். ஆனாலும் ஒரு கைப்பிடியோடு யாரும் நிறுத்துவதில்லை. எமது அம்மம்மாமார் இதைக் காய்ச்சிப் பாலைப்பாணியாக்கி, பழம் இல்லாத காலத்துக்கென எடுத்து வைத்தார்கள்.

பாலையை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவதும் இல்லை, பசளை போடுவதும் இல்லை. காடு தானாகத் தருகிறது. பணி நிமித்தம் நான் செல்லும் கிராமங்களில், பெண்கள் தலைமை தாங்கும் பல குடும்பங்களுக்கு இந்த இரண்டு மூன்று மாதப் பழம்தான் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்குமான காசு. ஆகவே இந்த மரம் நாளைக்கும் இருக்குமா என்பது எமது வீட்டுப் பிரச்சினையும்தான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடித்தொகைக் கூம்பகம் பற்றிப் படித்தோம். ஓர் ஊரில் முதியவர்கள் மட்டுமே இருந்து குழந்தைகள் இல்லையென்றால், அந்த ஊர் இன்று நிறைந்திருந்தாலும் நாளை வெறுமையாகும். மரங்களுக்கும் இதே கணக்குத்தான். பெரிய மரங்களை மட்டும் எண்ணினால் காடு செழிப்பாகத் தெரியும். முழங்கால் உயரக் கன்றுகள் எத்தனை, கைத்தடி மொத்தத்தில் இளமரங்கள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கன்று இல்லையென்றால் பயமில்லை. வருடக்கணக்காக இல்லையென்றால் அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று தவறவிட்ட தலைமுறையை அவசரமாக உண்டாக்க முடியாது.

ஒரு கன்று தலையெடுப்பது இலகுவல்ல. பழம் விழுவது வறண்ட சோளகக் காலத்தில். உலர் வலயத்து வடக்கில் பெருமழை வருவது ஐப்பசியில். அதற்கிடையில் பூச்சியும் எலியும் விதையைத் தின்கின்றன. முளைத்ததை அடுத்த கோடை வாட்டுகிறது, மாடு கடிக்கிறது, காட்டுத்தீ எரிக்கிறது. தாய்மரத்தின் நிழலில் நெருங்கி முளைப்பவற்றிலும் பல வளர்வதில்லை. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடும் கரடி, குரங்கு, பறவைகள்தான் காட்டின் உண்மையான தோட்டக்காரர்.

இவற்றோடு எமது கத்தியும் சேர்ந்திருக்கிறது. பழம் பறிக்கக் கொப்பையே வெட்டி விழுத்தும் வழக்கம் பரவியுள்ளது. வெட்டிய கொப்பில் அடுத்த வருடம் பூவில்லை. பூவில்லையேல் பழமும் இல்லை, விதையும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் பழம் விற்கும் அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். “கொப்பை வெட்டினாத்தான் பிள்ளை, பொழுதுபட முன்னம் வீட்டை போகலாம். ஒவ்வொண்டா ஆய்ஞ்சுகொண்டு நிண்டா கரடி வந்திடும்” என்றார். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தைத் தேடித்தான் வரும். அவருடைய பயம் நியாயமானது. எனவே “வெட்டாதே” என்று சொல்வதோடு எமது கடமை முடிந்துவிடாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தனியே போகாமல் நாலைந்து பேராகப் போனால், கீழே படங்கை விரித்துக் கொக்கத்தடியால் உலுப்பி நேரத்தோடு திரும்பலாம். காவலுக்கும் ஒருவர் நிற்கலாம். எட்டாத உச்சிப் பழங்களைக் காட்டு உயிர்களுக்கு விட்டுவிடலாம். காணியில் தானாக முளைத்த கன்றைப் பிடுங்காமல் சுற்றிவர முள்ளுக்கொப்பு வைத்து மாட்டிலிருந்து காக்கலாம். இவற்றை ஊர்த் தீர்மானமாக எடுக்க மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களே பொருத்தமானவை. பழம் வாங்கும் சகோதரிகளும் எப்படிப் பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். கொப்பு வெட்டாமல் பறித்தவருக்குச் சிறிது கூடுதலாகக் கொடுங்கள். அது அவர் செலவழித்த நேரத்துக்கான கூலி.

பாலை மரத்தைத் தறிப்பவரைச் சட்டம் பிடிக்கும். முளைக்காமற் போன கன்றுக்காக முறைப்பாடு செய்ய யாரும் இல்லை. அடுத்த முறை பாலை நிழலில் நிற்கும்போது மேலே பழத்தைப் பார்த்தபின் கீழேயும் ஒருமுறை பாருங்கள். கன்று நின்றால் அதை மிதிக்காமல் வாருங்கள்.