ஐந்தாம் ஆண்டை எண்ணிப் பாருங்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக் கலங்கும் வீடுகளில், "தம்பியை இராணுவத்தில் சேர்த்துவிடலாமே" என்ற பேச்சு எழுகிறது. ஆள்சேர்ப்புக்குச் செல்லுமுன் பிள்ளைகளை ஜெபத்திற்கு அழைத்து வருகிறீர்கள். மகிழ்ச்சியோடு ஜெபிக்கிறேன். ஆனால் கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று போதித்தவர் நம்முடைய ஆண்டவர் அல்லவா?

தாத்தா காலத்துச் சிப்பாய் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் பணிசெய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார். பெற்றோர் பலர் இன்னும் அந்தச் சித்திரத்தையே மனதில் வைத்திருக்கிறீர்கள். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். முதலாம் ஆண்டில் மாத ஊதியம் 30,000 ரூபாய். கைக்கு வருவது 21,000. மீதி ஒரு நிதியில் சேர, அரசும் அதே அளவு செலுத்துகிறது. முடிவில் கிடைப்பது வட்டியோடு சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் கிடையாது. தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம் வரையே.

அந்தப் பதினொன்றரை லட்சம் யாருடையது? அக்காளின் திருமணக் கடனுக்கும் வீட்டின் மேல்தளத்திற்கும் இன்றே பங்கிட்டுவிட்டீர்களானால், இருபத்திரண்டு வயதில் வெறுங்கையோடு திரும்பும் மகன் எதைக்கொண்டு படிப்பான்? அது அவனுடைய படிப்புக்கான பணம். பணியிலிருந்தபடியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறவும் வழியுண்டு. படைப் பயிற்சிக்கே பாதி மதிப்பீட்டுப் புள்ளிகள் தருகிறார்கள். முதல் ஆண்டிலேயே அவன் அதைக் கேட்டறியட்டும்.

பட்டமும் நிலையான பணியும் வேண்டுமென்றால், புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமியின் நுழைவுத் தேர்வை முயன்று பாருங்கள். இப்போது பெண்பிள்ளைகளும் எழுதலாம். நம் வீடுகளில் இதை அறிந்தவர்கள் ஏனோ மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு; அது பணக் கணக்கில் அடங்காது. தன்னிடம் வந்த போர்ச்சேவகரைப் பணியை விட்டு விலகும்படி யோவான் ஸ்நானன் சொல்லவில்லை; இடுக்கண் செய்யாமல், சம்பளமே போதுமென்றிருக்கச் சொன்னார். ஆனால் கி.பி. 295இல், வட ஆப்பிரிக்காவில், படையில் சேர மறுத்து மரண தண்டனை ஏற்ற மாக்சிமிலியானுக்கு வயது 21. இருவரையும் சபை மதிக்கிறது. ஆயுதம் ஏந்துவது கல்விக் கட்டணத்துக்கு மாற்று வழியன்று. உயிரைக் கொடுக்கவும், கட்டளை வந்தால் எடுக்கவும் நேரிடும் பணி அது. அதற்கு மனச்சாட்சியோடு சம்மதமா என்று உங்கள் மகனிடம் கேட்டீர்களா? தகப்பனார் கேட்கத் தயங்கினால் தாயார் கேளுங்கள். அவன் விரும்பிச் சென்றால் நான் மனதார ஆசீர்வதித்து அனுப்புவேன். கடனுக்காகத் தள்ளப்பட்டுச் செல்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

விண்ணப்பிக்கும் எண்ணமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆள்சேர்ப்பு அறிவிப்பின் நகலோடு என்னிடம் வாருங்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து வாசிப்போம், அதன்பின் ஜெபிப்போம்.