எம்.சி.ஏ. படிப்புக்கு யோக்கியதை எது?

திருவாலங்காடு என்றால் ரத்தின சபையும், காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து அவ்வூர் வந்து சேர்ந்தார் என்ற புராணமுமே நம் மக்களுக்கு ஞாபகம் வரும். தலை ஏற்பட்டது நடப்பதற்கா, நினைப்பதற்கா என்று நாம் கேட்டால் நாஸ்திகம் என்பார்கள். அது எப்படியோ போகட்டும். அப்பக்கத்துக் கரும்பு விவசாயிகளின் பிள்ளைகளில் பி.ஏ., பி.காம். தேறினவர்கள், எம்.சி.ஏ. என்னும் கம்ப்யூட்டர் மேல்படிப்பு நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று தாங்களாகவே ஒதுங்கிக் கொள்வதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த செப்பேடுகள் முதலாம் ராஜேந்திர சோழனுடையவை. அதே ராஜாவின் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரி நடந்ததாகக் கல்வெட்டு சொல்லுகிறது. அங்கே மாணவர்க்கு நெல் அளந்தார்கள்; வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் கற்பித்தார்கள். அந்த நெல்லை விளைவித்தவன் மகனுக்கு அங்கே இடமுண்டா? வேதம் படிக்கப் பிறப்பல்லவா யோக்கியதை!

இன்று எம்.சி.ஏ.வுக்கு யோக்கியதை என்ன? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் வகுத்திருப்பது, ஒரு பட்டம்; அதில் நூற்றுக்கு 50 மார்க்கு, ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 45. கணிதம் படித்திருந்தால் நலம். படியாதவர்க்கு இணைப்புப் பாடம் கட்டாயம். நமது மாகாணத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பரீக்ஷையும் உண்டு. இவற்றில் எங்காவது ஜாதி உயர்வோ, ஜாதகமோ, வித்தியா யோகமோ கேட்கப்பட்டிருக்கிறதா?

ஆனால் ஒரு சங்கதி. முன்பு மூன்று வருஷமாயிருந்த இப்படிப்பு 2020-21 முதல் இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது. கம்ப்யூட்டரையே முன்னால் படித்து வந்தவனுக்கு இது லாபம். வேறு பாடம் படித்து வந்த கிராமத்துப் பிள்ளைக்கோ, அடிப்படை போட்டுக்கொள்ள இருந்த ஒரு வருஷம் போயிற்று. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டியது இணைப்புப் பாடமே. அதைப் பேருக்கு நடத்தி முடிக்கும் கல்லூரி, கதவைத் திறந்துவிட்டு ஏணியை எடுத்துக் கொண்டதாகவே ஆகும். பிள்ளைகளும் பெற்றோரும் அப்பாடத்தை உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, படிப்பின் நோக்கம் என்ன? நிரல் எழுதுதல், தரவுகளை ஒழுங்குபடுத்துதல், வலையமைப்பு இவை மாத்திரமல்ல. ஒரு பெரிய சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் சரிதானா என்று சோதித்து, தவறு கண்டால் ஒப்புக்கொண்டு திருத்துவதே இதன் உயிர். இதைக் கற்றவன் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்து விற்பானானால், அவன் பெற்றது பட்டமே தவிர படிப்பல்ல. பொய்யைக் கையால் எழுதினாலென்ன, யந்திரத்தால் அச்சிட்டாலென்ன?

ஆகவே தோழர்களே, ஜோசியரிடம் கொடுக்கும் பணத்தைப் பரீக்ஷைக் கட்டணமாகக் கட்டுங்கள். அந்தந்த வருஷ அறிவிப்பை வாங்கி நீங்களே படியுங்கள். “நமக்கு ஏது” என்ற சொல்லை இனி நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் வரவிடாதீர்கள்.